பிளாசோமைசின்: மருந்து தேறியது, நிறுவனம் திவாலானது

2018 ஜூன் 25 அன்று அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ., பிளாசோமைசின் என்ற ஊசி மருந்துக்கு ஒப்புதல் கொடுத்தது. பத்து மாதம்கூட ஆகவில்லை. 2019 ஏப்ரல் 15 அன்று அந்த மருந்தை உருவாக்கிய அக்கேயோஜென் நிறுவனம் திவால் மனு தாக்கல் செய்தது. அடுத்த சில மாதங்களுக்குள் உலக சுகாதார நிறுவனம் அதே மருந்தை அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் சேர்த்தது.

சோதனையில் தோற்ற மருந்தோடு சேர்ந்து நிறுவனமும் மூழ்குவது மருந்துத் தொழிலில் சகஜம். இங்கே மருந்து தேறியது. தேறிய பிறகுதான் நிறுவனம் மூழ்கியது. புதிய ஆன்டிபயாட்டிக் ஏன் வருவதில்லை என்று கேட்டால், கண்டுபிடிப்பது கடினம் என்ற பதில்தான் வழக்கமாக வரும். அது உண்மையும்கூட. ஆனால் கண்டுபிடித்து, சோதித்து, ஒப்புதலும் வாங்கிய பிறகு என்ன நடக்கிறது என்பதை இந்த ஒரு நிகழ்வைப் போலத் தெளிவாகக் காட்டும் வேறொன்றை நான் பார்க்கவில்லை. அதனால்தான் இதை முழுதாகப் பிரித்துப் பார்க்க நினைத்தேன்.

எதற்காக இந்த மருந்து?

கிளெப்சியெல்லா நியூமோனியே, ஈ.கோலை போன்றவை நம் குடலில் சாதாரணமாக இருக்கும் பாக்டீரியாக்கள். சிறுநீர்ப்பாதைக்கோ ரத்தத்துக்கோ நுரையீரலுக்கோ போய்விட்டால்தான் ஆபத்து. அப்படிப் போனவற்றை அடக்க மருத்துவர்கள் பல ஆண்டுகளாக நம்பியிருந்தது கார்பபெனெம் வகை மருந்துகளை. அவற்றையே உடைத்துப்போடும் நொதிகளைக் கிருமிகள் பெற்றுக்கொண்டதும் கையில் மிஞ்சியது கோலிஸ்டின். சிறுநீரகத்தைக் கெடுக்கிறது என்பதால் 1970-களில் ஓரங்கட்டப்பட்ட மருந்து அது. வேறு வழியில்லாமல் திரும்ப எடுத்தார்கள்.

பிரச்சினை எவ்வளவு பெரியது என்பதற்கு ஒரு கணக்கு: 2019-இல் மட்டும் மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்களே நேரடிக் காரணமான மரணங்கள் உலகம் முழுக்க 12.7 லட்சம் என்று லான்செட் இதழில் வந்த ஆய்வு மதிப்பிட்டது. அவற்றோடு தொடர்புடைய மரணங்களையும் சேர்த்தால் 49.5 லட்சம்.

அக்கேயோஜென் இதற்காகக் கையில் எடுத்தது ஒரு பழைய குடும்பத்தை. ஸ்ட்ரெப்டோமைசின், ஜென்டாமைசின், அமிகாசின் எல்லாம் சேர்ந்த அமினோகிளைகோசைடு குடும்பம். இந்த மருந்துகள் பாக்டீரியாவின் ரைபோசோமில் போய் ஒட்டிக்கொள்ளும். புரதம் கட்டும் வேலை பிசகி, தப்பும் தவறுமான புரதங்கள் உருவாகிக் கிருமி சாகும். கிருமிகள் இதற்குக் கண்ட மாற்றுவழி, மருந்து மூலக்கூறையே கெடுக்கும் நொதிகள். மூலக்கூறின் குறிப்பிட்ட இடங்களில் அசிட்டைல், பாஸ்பேட் போன்ற துணுக்குகளை ஒட்டிவிட்டால், மருந்து ரைபோசோமில் சரியாகப் பொருந்தாது.

ஒட்டுவதற்கு இடமே கொடுக்காமல் இருந்தால்? அதுதான் இங்கே செய்யப்பட்டது. அந்த இடங்களில் இரண்டு இயல்பாகவே இல்லாத சிசோமைசின் என்ற இயற்கை மூலக்கூறை எடுத்துக்கொண்டார்கள். ஒரு பக்கத்தில் அமிகாசினில் இருக்கும் அதே பக்கச்சங்கிலியைச் சேர்த்தார்கள். இன்னொரு பக்கத்தில் ஹைட்ராக்ஸிஎதில் தொகுதியைப் பொருத்தினார்கள். பெரும்பாலான நொதிகளுக்குப் பிடிமானம் போய்விட்டது. தேவைக்கு மேல் ஒன்றும் செய்யாத, கச்சிதமான வேதியியல் இது. எனக்கு மிகவும் பிடித்த பகுதியும் இதுதான்.

ஆனால் ஒரு ஓட்டை இருந்தது. சில கிருமிகள் மருந்தைத் தொடுவதே இல்லை, தங்கள் ரைபோசோமையே மாற்றிக்கொள்கின்றன. மருந்து ஒட்ட வேண்டிய இடத்தில் ஒரு மெத்தில் தொகுதியைப் போட்டுவிட்டால், பிளாசோமைசின் உட்பட அந்தக் குடும்பமே செல்லாது. இந்தத் திறனைத் தரும் மரபணுக்கள், கார்பபெனெமை உடைக்கும் என்.டி.எம். நொதியின் மரபணுவோடு சேர்ந்தே பல சமயம் பயணம் செய்கின்றன. ஆக, என்.டி.எம். பரவலாக இருக்கும் இடங்களில் இந்த மருந்தின் கை தாழ்ந்துதான் இருக்கும். கே.பி.சி. என்ற வேறு நொதி மிகுந்த அமெரிக்காவில் நன்றாக வேலை செய்யும். இது அறிவியல் விவரம் மட்டும் அல்ல, எந்த நாட்டில் எவ்வளவு விற்கும் என்பதையும் இதுவே தீர்மானித்துவிடுகிறது.

இரண்டு சோதனைகள்

பெரிய சோதனையில் சிக்கலான சிறுநீர்ப்பாதைத் தொற்று உள்ள 609 பேர் பங்கேற்றார்கள். ஒப்பிட்டது மெரோபெனெம் என்ற கார்பபெனெம் வகை மருந்தோடு. தொடர் பரிசோதனையில், அறிகுறியும் நீங்கிக் கிருமியும் போனவர்கள் பிளாசோமைசின் தரப்பில் 81.7 சதவீதம், மெரோபெனெம் தரப்பில் 70.1 சதவீதம். நல்ல முடிவு. ஆனால் மெரோபெனெமோடு ஒப்பிட வேண்டுமானால், மெரோபெனெமுக்கு அடங்கும் கிருமி உள்ள நோயாளிகளைத்தானே சேர்க்க முடியும்? மருந்து யாருக்காக உருவானதோ, அவர்கள் இந்தச் சோதனையில் இல்லை. பெரும்பாலான புதிய ஆன்டிபயாட்டிக்குகள் இப்படித்தான் சோதிக்கப்படுகின்றன: பழைய மருந்தைவிட மோசமில்லை என்று நிரூபித்தால் ஒப்புதல் கிடைத்துவிடும். அப்புறம் மருத்துவமனை கேட்கும்: மோசமில்லை, சரி, பல மடங்கு விலை எதற்கு?

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லவே இரண்டாவது சோதனை. கார்பபெனெமுக்கு அடங்காத கிருமிகளால் ரத்தத்திலோ நுரையீரலிலோ தொற்று உள்ளவர்களுக்கு, ஒரு தரப்புக்குப் பிளாசோமைசின், மறுதரப்புக்குக் கோலிஸ்டின். துணிச்சலான திட்டம். ஆனால் நோயாளிகளைச் சேர்ப்பது பெரும் பாடாகிவிட்டது. எந்தக் கிருமி, எதற்கு அடங்கும் என்று ஆய்வகம் சொல்ல இரண்டு மூன்று நாட்கள் ஆகும். அதுவரை கை கட்டிக்கொண்டு இருக்க முடியாது. மருத்துவர் ஏதாவது மருந்தைத் தொடங்கியிருப்பார், அதனாலேயே பலர் சோதனைக்குத் தகுதி இழந்துவிடுவார்கள். சிலர் மயக்கத்தில் இருப்பார்கள், சம்மதம் வாங்க முடியாது. சிலர் அதற்குள் இறந்துபோவார்கள். கடைசியில் குலுக்கல் முறையில் பிரித்துச் சேர்க்க முடிந்தது 39 பேரை மட்டும். சோதனையைப் பாதியில் முடித்துக்கொண்டார்கள்.

கணக்கில் கொள்ளப்பட்டவர்கள் 37 பேர். மரணமோ நோயால் வந்த கடுமையான சிக்கலோ பிளாசோமைசின் தரப்பில் 17-இல் 4 பேருக்கு, கோலிஸ்டின் தரப்பில் 20-இல் 10 பேருக்கு. பாதியிலிருந்து கால்வாசியாகக் குறைந்திருக்கிறது. படிக்கிற யாருக்கும் நம்பிக்கை வரும்.

2018 மே மாதம் எஃப்.டி.ஏ.வின் ஆலோசனைக் குழு கூடியது. சிறுநீர்ப்பாதைத் தொற்றுக்கு 15 பேரும் ஆதரவு, எதிர்ப்பு இல்லை. ரத்தத் தொற்றுக்கு 4 பேர் ஆதரவு, 11 பேர் எதிர்ப்பு. எஃப்.டி.ஏ.வும் அதே வழியில் முடிவெடுத்தது. இதைக் கேட்டுக் கொதித்தவர்கள் உண்டு. எனக்கு அந்த 11 பேரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. 17 பேர், 20 பேர் என்ற எண்ணிக்கையில் இந்தப் பக்கம் இரண்டு பேர் கூடி, அந்தப் பக்கம் இரண்டு பேர் குறைந்தால் படமே மாறிவிடும். ஆனால் வணிகக் கணக்கில் அந்த வாக்கெடுப்போடு ஏறக்குறைய எல்லாம் முடிந்துவிட்டது. சிறுநீர்ப்பாதைத் தொற்றுக்கு வேறு மருந்துகள் இருக்கின்றன. ரத்தத் தொற்றுக்குத்தான் எவ்வளவு விலையானாலும் கொடுங்கள் என்று மருத்துவர் கேட்பார். அந்த வரி லேபிளில் இல்லை. பதிலுக்கு, சிறுநீரகம், காது, தசை நரம்பு, கருவிலுள்ள குழந்தை ஆகியவற்றுக்கு ஆபத்து என்ற கட்டமிட்ட எச்சரிக்கை இருந்தது. அமினோகிளைகோசைடு குடும்பத்துக்கே உள்ள எச்சரிக்கைதான் அது.

ஒரு நோயாளி, மூன்று குப்பிகள்

ஒப்புதல் வந்த பிறகு ஒரு அமெரிக்க மருத்துவமனையில் இந்த மருந்து நோயாளியின் நரம்புக்குள் போய்ச் சேர என்னென்ன நடக்க வேண்டும் என்று பார்ப்போம். சந்தை என்று பொதுவாகச் சொல்லும் விஷயம் இங்கேதான் இருக்கிறது.

அளவு: கிலோவுக்கு 15 மில்லிகிராம், நாளுக்கு ஒரு முறை, 30 நிமிடம் ஏற்ற வேண்டும். 70 கிலோ நோயாளிக்கு 1,050 மில்லிகிராம். குப்பியில் இருப்பது 500. ஆக மூன்று குப்பிகள் உடைக்க வேண்டும், மூன்றாவதில் பெரும்பகுதி வீண். ஒரு நோயாளிக்கு ஆகும் மருந்துச் செலவு சராசரியாக 5,400 டாலருக்குச் சற்று மேல் என்று முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேருக்குக் கணக்குக் காட்டப்பட்டது. மெடிகேர் உள்நோயாளிகளுக்கு மருந்து வாரியாகப் பணம் தருவதில்லை. இன்ன நோய், இவ்வளவு தொகை என்று மொத்தமாகத் தருகிறது. அதற்குள் மருத்துவமனை எதை வாங்கினாலும் அது அதன் பாடு. புதிய மருந்து என்பதால் பிளாசோமைசினுக்குக் கூடுதல் தொகை அனுமதிக்கப்பட்டது: அதிகபட்சம் 2,722.50 டாலர். மீதிப் பாதி மருத்துவமனையின் கையிலிருந்து போகும். பக்கத்து அலமாரியில் மலிவான ஜெனரிக் ஜென்டாமைசினும் அமிகாசினும் இருக்கின்றன.

அதனால் மருந்தகக் குழு இதைப் பட்டியலில் சேர்க்கவே யோசிக்கும். சேர்த்தாலும், தொற்றுநோய் நிபுணரின் அனுமதி இல்லாமல் கொடுக்கக் கூடாது என்று கட்டுப்பாடு போடும். நிபுணர் அனுமதிக்க வேண்டுமானால், கிருமி இந்த மருந்துக்கு அடங்கும் என்று ஆய்வகம் சொல்ல வேண்டும். ஆய்வகத்தின் தானியங்கிக் கருவியில் புதிய மருந்துகள் இடம்பெற ஆண்டுகள் ஆகும். கிருமியை இந்த மருந்தோடு சோதிக்கும் தனி வட்டோ பட்டையோ வாங்கி, சரிபார்த்து, ஆள் வைத்துச் செய்ய வேண்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவருக்கு ரத்தத்தில் மருந்தின் அளவையும் அளந்து பார்க்க வேண்டும்.

இந்த வரிசையில் யார் தவறு செய்கிறார்கள்? யாருமே இல்லை. குழு சிக்கனம் பார்க்கிறது, அது அதன் கடமை. நிபுணர் கடைசி ஆயுதத்தைக் கண்டபடி செலவழிக்காமல் காக்கிறார். அதைத்தான் அவரிடம் நாமும் எதிர்பார்க்கிறோம். ஆய்வகம் உறுதிப்படுத்தாத முடிவை வெளியிட மறுக்கிறது. எல்லோரும் சரியாக நடந்துகொண்டதால்தான் மருந்து விற்கவில்லை. 2018-இல் அதன் விற்பனை 10 லட்சம் டாலரைக்கூடத் தொடவில்லை.

பணம் எங்கே வந்தது, எங்கே நின்றது?

அக்கேயோஜென் பணமில்லாத நிறுவனம் அல்ல. அமெரிக்க அரசின் உயிரி மருத்துவ ஆய்வு அமைப்பான பார்டா, பிளாசோமைசினுக்கென்றே 12 கோடி டாலருக்கு மேல் ஒப்பந்தம் போட்டிருந்தது. பிரிட்டனின் வெல்கம் அறக்கட்டளையும் நிறுவனத்துக்கு உதவியது. 2014 மார்ச்சில் பங்குச்சந்தைக்குப் போய் 7.2 கோடி டாலர் திரட்டினார்கள்.

இந்த உதவிப் பணம் எல்லாம் ஒப்புதல் வரைக்கும்தான். அதன் பிறகுதான் செலவு உண்மையில் ஏறுகிறது. தயாரிப்பு ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், விற்றாலும் விற்காவிட்டாலும். குழந்தைகளுக்கான சோதனை, எதிர்ப்புத்திறன் பரவுகிறதா என்ற கண்காணிப்பு என்று எஃப்.டி.ஏ. கேட்கும் தொடர்வேலைகள் இருக்கின்றன. விற்பனைக் குழு வேண்டும். ஒப்புதல் கிடைத்த அடுத்த மாதமே ஊழியர்களில் 28 சதவீதம் பேரை நிறுவனம் வெளியே அனுப்பியது.

நிறுவனத்தின் தரப்பில் தப்பே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ரத்தத் தொற்று ஒப்புதல் வந்துவிடும் என்ற நம்பிக்கையில், அதற்கேற்ற அளவில் செலவைப் பெருக்கிக்கொண்டார்கள். வாய்வழி ஆன்டிபயாட்டிக் ஒன்றையும் பக்கத்திலேயே வளர்த்தார்கள். அது ஒரு புறம். களத்தில் தனியாகவும் இல்லை. செஃப்டாசிடிம்-அவிபாக்டம் 2015-இலேயே வந்துவிட்டது. மெரோபெனெம்-வாபோர்பாக்டம் 2017-இல். இரண்டும் பெனிசிலினும் சேர்ந்த பீட்டா-லாக்டம் குடும்பம், சிறுநீரகத்துக்கு அவ்வளவு கெடுதல் இல்லை, மருத்துவர்களுக்குப் பழகிய வகை. பிளாசோமைசினுக்கு அடுத்த ஒன்றரை ஆண்டுக்குள் எராவாசைக்ளின், இமிபெனெம்-ரெலெபாக்டம், செஃபிடெரோகால் என்று இன்னும் மூன்று வந்தன. கார்பபெனெமுக்கு அடங்காத குடல்வகைக் கிருமிகளுக்கான எல்லாப் புதிய மருந்துகளுக்கும் சேர்த்து அமெரிக்காவின் ஆண்டுச் சந்தையே 30 கோடி டாலருக்குக் கீழேதான் என்று ஓர் ஆய்வு கணக்கிட்டது. அதை இத்தனை பேர் பங்கு போட வேண்டும்.

கெட்டிக்கார நிர்வாகம் இருந்திருந்தால் தப்பியிருக்கலாமே என்று தோன்றலாம். மற்றவர்களைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. மெரோபெனெம்-வாபோர்பாக்டம் உட்பட ஒப்புதல் பெற்ற நான்கு ஆன்டிபயாட்டிக்குகளைக் கையில் வைத்திருந்த மெலிண்டா, 2019 டிசம்பரில் திவால் மனு கொடுத்தது. எராவாசைக்ளினை உருவாக்கிய டெட்ராஃபேஸ் 2020-இல் குறைந்த விலைக்குக் கைமாறியது. பெரிய நிறுவனங்கள் முன்பே விலகத் தொடங்கியிருந்தன: அஸ்ட்ராஜெனெகா 2016-இல் தன் ஆன்டிபயாட்டிக் பிரிவை ஃபைசருக்கு விற்றது, நோவார்ட்டிஸ் 2018-இல் இந்த ஆய்வையே கைவிட்டது.

திவால் ஏலத்தில் பிளாசோமைசினின் சீனா தவிர்த்த உலக உரிமையை இந்தியாவின் சிப்லா 46.5 லட்சம் டாலருக்கு வாங்கியது. சீன உரிமை சிலு என்ற நிறுவனத்துக்கு 45 லட்சம் டாலருக்குப் போனது. கூட்டினால் 91.5 லட்சம். பார்டா ஒப்பந்தத் தொகையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

சந்தா என்ற வழி

இந்த நிலையை மாற்ற முதலில் செய்தது, உரிமைக் காலத்தை நீட்டியது. 2012-இல் அமெரிக்காவில் வந்த கெய்ன் சட்டம், தகுதியுள்ள ஆன்டிபயாட்டிக்குகளுக்குக் கூடுதலாக 5 ஆண்டு ஏகபோக உரிமை தந்தது. பிளாசோமைசினுக்கும் அந்தத் தகுதி இருந்தது. முதல் ஆண்டே தாண்டாத நிறுவனத்துக்கு எத்தனை ஆண்டு நீட்டித்து என்ன பயன்?

பிரிட்டன் எடுத்த வழி வேறு. 2022-இல் செஃபிடெரோகாலுக்கும் செஃப்டாசிடிம்-அவிபாக்டமுக்கும் சந்தா முறையில் ஒப்பந்தம் போட்டார்கள். எவ்வளவு பயன்படுத்தினாலும், ஒரு குப்பிகூட உடைக்காவிட்டாலும், மருந்து ஒவ்வொன்றுக்கும் ஆண்டுக்கு அதிகபட்சம் 1 கோடி பவுண்டு, 10 ஆண்டுகள் வரை. பின்னர் இந்தத் திட்டத்தை விரிவாக்கியபோது உச்சவரம்பை 2 கோடி பவுண்டாக உயர்த்தினார்கள். மேலே பார்த்த மருத்துவமனை வரிசையில் யாரையும் மாற்றச் சொல்லாமல், பணம் வரும் வழியை மட்டும் மாற்றுகிறது என்பதால் இது எனக்குச் சரியான திசையாகப் படுகிறது. ஆனால் பிரிட்டன் உலகச் சந்தையில் சிறு பங்குதான். அமெரிக்கா சேராமல் இந்தத் தொகை ஒரு நிறுவனத்தைத் தாங்காது.

அமெரிக்காவில் அதற்கு ஒரு மசோதா இருக்கிறது. பாஸ்டர் சட்டம் என்று பெயர். மருந்து ஒன்றுக்கு 75 கோடி முதல் 300 கோடி டாலர் வரை சந்தா ஒப்பந்தம் என்று அதில் எழுதியிருந்தது. 2020-இல் முதலில் வந்தது. அதன் பிறகு மறுபடி மறுபடி கொண்டுவரப்பட்டும் நிறைவேறவில்லை. அக்கேயோஜென் திவாலான கதையைத் தெரிந்துகொண்டும் இத்தனை ஆண்டுகளை வீணடிப்பது பொறுக்க முடியாத ஒன்று.

மருந்து நிறுவனங்கள் கூடி 2020-இல் சுமார் 100 கோடி டாலரில் ஒரு நிதியமும் தொடங்கின. சோதனைக் கட்டத்தில் உள்ள சிறு நிறுவனங்களில் அது முதலீடு செய்கிறது. நல்ல வேலைதான். ஆனால் அதுவும் ஒப்புதல் வரைக்கும் தள்ளிவிடும் பணமே. ஒப்புதலுக்குப் பின்னால் இருக்கும் பள்ளத்தை அது நிரப்பாது.

இனி வருபவை

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2023-இல் மனிதச் சோதனையில் இருந்த பாக்டீரியா எதிர்ப்பு மருந்துகள் 97. அதில் மிக முக்கியமான கிருமிகளைக் குறிவைத்த ஆன்டிபயாட்டிக்குகள் 32. உண்மையில் புதுமை என்று சொல்லத்தக்கவை 12. மிக ஆபத்தான வகைக் கிருமி ஒன்றையாவது தாக்கும் புதுமை மருந்துகள் வெறும் 4.

சந்தை எதை விரும்புகிறது என்பதற்கு ஜெப்போட்டிடாசின் நல்ல உதாரணம். ஜி.எஸ்.கே. நிறுவனத்தின் இந்த மாத்திரைக்கு 2025 மார்ச்சில் எஃப்.டி.ஏ. ஒப்புதல் கிடைத்தது. பெண்களுக்கும் சிறுமிகளுக்கும் வரும் சாதாரண சிறுநீர்த் தொற்றுக்கானது. புதிய வகை, தேவையானதும்கூட. ஆனால் வீட்டிலிருந்தபடியே சாப்பிடும் மாத்திரை, லட்சக்கணக்கானவர்களுக்கு வரும் நோய், மருத்துவமனையின் மொத்தத் தொகைக்குள் அடைபடாத விற்பனை. பெரிய நிறுவனம் ஒன்று தங்கியிருப்பதற்கு இந்தக் கணக்கும் ஒரு காரணமாக இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். தீவிர சிகிச்சைப் பிரிவில் எப்போதாவது தேவைப்படும் ஊசிக்கு இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது.

அந்த வகையில் நான் ஆவலோடு பார்ப்பது ரோஷ் நிறுவனத்தின் சோசுராபால்பின். கார்பபெனெமுக்கு அடங்காத அசினெட்டோபாக்டர் என்ற பாக்டீரியாவுக்கு எதிரானது. கிருமி தன் வெளிச்சவ்வுக்கான கொழுப்புச்சர்க்கரையைக் கொண்டு சேர்க்கும் பாதையையே அடைக்கிறது. இந்த வழியில் வேலை செய்யும் மருந்து இதுவரை சந்தையில் இல்லை. மூன்றாம் கட்டச் சோதனைக்குப் போவதாக 2025-இல் அறிவித்தார்கள். அங்கேயும் பிளாசோமைசின் சந்தித்த அதே சிக்கல் காத்திருக்கிறது: மிக மோசமான நிலையில் இருக்கும் நோயாளிகளைச் சரியான நேரத்தில் கண்டுபிடித்துச் சேர்ப்பது. வித்தியாசம், இந்த முறை பின்னால் நிற்பது ஒரே மருந்தை நம்பிய சிறு நிறுவனம் அல்ல.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். சந்தா பணக்கார நாடுகளின் தீர்வு. மருந்து மிகவும் தேவைப்படும் நாடுகளுக்கு அது தானாகப் போய்ச் சேராது. செஃபிடெரோகால் விஷயத்தில், அதை உருவாக்கிய ஷியோனோகி 2022-இல் கார்ட்பி என்ற லாபநோக்கற்ற அமைப்புக்கு 135 நாடுகளுக்கான உரிமம் கொடுத்தது. தயாரிக்கும் வேலை இந்தியாவின் ஆர்க்கிட் ஃபார்மாவிடம் வந்தது. பிளாசோமைசினுக்கு அப்படியொரு ஏற்பாடு செய்ய ஏலத்துக்கு வந்த நிறுவனத்திடம் நேரமும் இல்லை, பணமும் இல்லை. ஐரோப்பாவில் ஒப்புதல் கேட்டுக் கொடுத்திருந்த விண்ணப்பமும் 2020-இல் திரும்பப் பெறப்பட்டது. அமெரிக்காவில் அதன் லேபிளில் இன்றும் இருப்பது சிறுநீர்ப்பாதைத் தொற்று மட்டும்தான். 17-க்கு 4, 20-க்கு 10 என்ற அந்தச் சிறு சோதனையைப் பெரிதாக நடத்திப் பார்க்கும் வேலை அப்படியே நிற்கிறது.